ஆரம்ப எடை

தண்ணி முப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல போகக்கூடாதுன்னு நீங்க சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு டாக்டர். இப்ப முப்பத்தி நாலரை. தெர்மாமீட்டர கையிலயே புடிச்சிருக்கேன். தோள் வரைக்கும்தான் தண்ணி, தலை வெளிய, முகவாய்க்குக் கீழ ஒரு துண்டச் சுருட்டி முட்டுக் குடுத்திருக்கேன். பதினஞ்சு நிமிஷம்னு சொன்னீங்க. நாப்பது நிமிஷம் ஆச்சு. ஒருத்தன் முழிச்சிட்டான். இன்னொருத்தர் முழிக்கல.

மணி மூணே கால். அவசரம்னா எந்நேரமானாலும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பும்மான்னு நீங்கதான் சொன்னீங்க, அதான் பேசுறேன். டைப் பண்ணலாம்னா கையெல்லாம் ஈரம். நான் நெவெனா. மார்ஷலோட நெவெனா. நவம்பர்ல ஷூ டப்பாக்குள்ள ஒரு தாடி ஓணான எடுத்துட்டு வந்தேனே, தலையில குட்டித் தொப்பியோட. "முதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு"ன்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணு.

மார்ஷல் நல்லா இருக்கான். பிளாஸ்டிக் பேசின்ல உக்காந்திருக்கான், கண்ணு ரெண்டும் தொறந்தாச்சு, தண்ணி குடிச்சான், கொஞ்சம் முன்னாடி வயிறும் போயிடுச்சு. அத சின்ன டப்பாவுல எடுத்து வச்சிருக்கேன். பூச்சி டெஸ்ட்டுக்குக் கொண்டு வர்றேன்.

முழிக்காதது சித்தப்பா.

அவரு குளிக்கிற பெரிய தொட்டியில இருக்காரு. பயப்படாதீங்க, மூச்சு இருக்கு, நிமிஷத்துக்குப் பதினொன்னு, எண்ணிட்டேதான் இருக்கேன். மார்ஷலோட சூட்டு லாம்பக் கழட்டி துணிக்கொடியில கட்டி அவரு தலைக்கு மேல தொங்க விட்டிருக்கேன். தண்ணியில விழாம இருக்க ரெண்டு முடிச்சு போட்டேன். நான் பொறுப்பில்லாதவ இல்ல டாக்டர். நீங்க குடுத்த பேப்பர்ல இருக்கிறத ஒன்னுவிடாம செஞ்சிருக்கேன். ஆனா அதுல மூணு வாரம் ஆகும்னு இருக்கு, எனக்கு இருக்கிறது ரெண்டே முக்கா மணி நேரம். அம்மா ஆறு மணிக்கு வந்துடுவாங்க. இத்தாலி பஸ்.

வரிசையா சொல்றேன். இல்லன்னா நான் ஏதோ கெட்ட எண்ணத்துல பண்ணின மாதிரி ஆயிடும்.

சித்தப்பா பேரு ருமென். அம்மாவோட ரெண்டாவது வீட்டுக்காரரு. கோடையில கடற்கரையில, ஓட்டல் வரிசை முன்னாடி, மார்ஷலத் தோள்ல வச்சுக்கிட்டு நடப்பாரு. வெளிநாட்டுக்காரங்க வருவாங்க, மார்ஷல அவங்க தோளுக்கு மாத்திட்டு போட்டோ எடுத்துக் குடுப்பாரு. அஞ்சு மொழியில அவருக்கு ஒரே வாக்கியம்தான் தெரியும். "கடிக்க மாட்டான், ஒரு படம் எடுத்துக்கலாமா?" அவ்ளோதான். செப்டம்பர் முடிஞ்சா ஓட்டல் எல்லாம் சாத்திடுவாங்க. ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். மார்ஷல் தூங்கிடுவான். சித்தப்பா தூங்க மாட்டாரு. பிரச்சனையே அதுதான்.

அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. சோபாவுல படுத்துக்கிட்டு டிவியில வர்ற மந்திரிங்ககூட சண்ட போடுவாரு. சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா வீடியோ கால் பண்ணுவாங்க. இத்தாலியில, பொலோனியாவுல, ஒரு கிழவியப் பாத்துக்கிற வேலை, நாலு வருஷமா. அந்தக் கிழவி தூங்கினதுக்கு அப்புறம்தான் பேச முடியும். பேசின அஞ்சாவது நிமிஷம் ரெண்டு பேருக்கும் சண்ட. நீ குளிர்காலத்துக்கு ஒரு வேலை தேடிக்கக் கூடாதான்னு அம்மா, நீ அங்கேயே குடியிருந்துக்கோன்னு இவரு. அப்புறம் போனக் கவுத்து வச்சிடுவாரு. அப்புறம் என்னப் பாத்து, "உங்கம்மா திரும்பி வரமாட்டா, நெவி"ம்பாரு. கோவமா இல்ல. உப்ப எடுங்கிற மாதிரி.

அக்டோபர்ல மட்டும் இருபத்தாறு தடவ. நான் எண்ணினேன்.

நவம்பர்ல மார்ஷல உங்ககிட்ட கொண்டு வந்தேன். குளிர்காலத் தூக்கத்துக்கு எப்படிப் பழக்கணும்னு நீங்க அந்தப் பேப்பர் குடுத்தீங்க. அத ஃபிரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டினேன். மறுநாள் காலையில சித்தப்பா காப்பிக் கோப்பையோட நின்னு மொத்தத்தையும் படிச்சாரு. வாரம் ஒரு மணி நேரம் வெளிச்சம் குறைக்கணும், சூடு குறைக்கணும், சாப்பாடு கம்மி பண்ணி நிறுத்தணும், மூணு மாசம் யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. படிச்சிட்டு கண்ணாடித் தொட்டியத் தட்டி, "குடுத்து வச்சவன்டா நீ"ன்னாரு. அப்புறம் என்கிட்ட, "என்னையும் இதுல சேத்துடு நெவி, மே மாசம் எழுப்பு"ன்னாரு.

நிஜமாவான்னு கேட்டேன். தலைய இடமும் வலமுமா ஆட்டினாரு.

நம்ம ஊர்ல அது ஆமான்னுதான் அர்த்தம், உங்களுக்கே தெரியும். கோடை முழுக்க வெளிநாட்டுக்காரங்களோட நின்னு நின்னு இவருக்குத் தலையாட்டல் குழம்பிப் போச்சுன்னு அம்மா சிரிப்பாங்க. ஒரு கல்யாணத்துல இன்னும் கறி வேணுமான்னு கேட்டதுக்கு இவரு வேண்டாம்னு ஆட்டின ஆட்டுல, தட்டு நிறைய வச்சிட்டுப் போயிட்டாங்க. அது எனக்கும் தெரியும். ஆனா நான் பல்கேரியாவுலதானே இருக்கேன். இங்க வழக்கப்படி எடுத்துக்கிட்டேன்.

பேப்பர்ல முதல் வரி, ஆரம்ப எடையக் குறிச்சுக்கோங்க. அது இல்லாம எதையும் தொடங்கக்கூடாதுன்னு பேனாவால அடிக்கோடு வேற போட்டிருந்தீங்க. மார்ஷல் நானூத்திப் பன்னெண்டு கிராம். சித்தப்பா தொண்ணூத்தியொரு கிலோ. பயாலஜி புராஜெக்ட்டுன்னு சொன்னேன், செருப்பக் கழட்டிட்டு ஏறி நின்னாரு. "மார்க் நல்லா வந்தா எனக்குப் பாதி"ன்னாரு.

மத்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைதான். அவரு ரூம்ல பல்ப மாத்தினேன், அறுபதுல இருந்து நாப்பது, அப்புறம் இருபத்தஞ்சு. ஜன்னல் ஷட்டரோட பட்டை ஒரு நாள் அறுந்து போச்சு. நான்தான் அறுத்தேன். பாதி இறங்கினது பாதியிலயே நின்னுச்சு, வாரா வாரம் நான் கொஞ்சம் கொஞ்சமா இறக்கினேன். ரேடியேட்டர் திருகாணிய வாரத்துக்குக் கால் சுத்து மூடினேன். கேபிள் டிவி ஒயரப் புடுங்கிட்டு, தெருவுக்கே வரலன்னு சொன்னேன். சுவர்க் கடிகாரத்துல இருந்து பேட்டரிய எடுத்தேன். பீன்ஸ் சூப் ஒரு கிண்ணம், அப்புறம் முக்கா, அப்புறம் வெறும் சாறு. சாயங்காலம் லிண்டன் பூ டீ, தூக்கம் வரட்டும்னு. மார்ஷலுக்கு டீ கிடையாது, அது நானா சேத்துக்கிட்டது.

முதல் ரெண்டு வாரம் கேள்வி கேட்டாரு. "என்ன நெவி, இவ்ளோ சீக்கிரம் இருட்டுது?" குளிர்காலம் சித்தப்பான்னேன். ஷட்டரச் சரி பண்றேன்னு ஸ்க்ரூடிரைவர மூணு நாள் தேடினாரு. அது என் ஸ்கூல் பைக்குள்ள இருந்துச்சு. நாலாவது நாள் தேடல. அதுக்கப்புறம் எதையுமே தேடல. ஒரு ஆள் எவ்ளோ சீக்கிரம் விட்டுடுறாருன்னு பாத்து எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. மார்ஷல்கூட ரொம்ப நாள் கண்ணாடியச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தான்.

டிசம்பர் பன்னெண்டுல மார்ஷல் மரப்பட்டைக்குக் கீழ போயிட்டான். இருபதுல சித்தப்பா. ரெண்டு ரஜாய்ப் போர்வைக்குள்ள சுவரப் பாத்துப் படுத்துட்டாரு. பாத்ரூம் போக எழுந்திருப்பாரு, சுவரத் தடவிக்கிட்டே வருவாரு, ரெண்டு கரண்டி சூப், மறுபடி படுத்துப்பாரு. பேச்சு இல்ல. அந்த வாக்கியமும் இல்ல.

எங்க வீட்ல ஃபிரிட்ஜ் சத்தம் கேக்கும்னே எனக்கு அப்பதான் தெரியும்.

அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். வேலை கிடைச்சிடுச்சுன்னு சொன்னேன். ஒரு குடோன்ல நைட் வாட்ச்மேன், பகல்ல தூங்குறாரு, ராத்திரி டியூட்டி. அம்மா போன முகத்துக்குக் கிட்ட கொண்டு வந்தாங்க. அப்புறம், "நிஜமாவா? ருமெனா?"ன்னு கேட்டு அழுதாங்க. சந்தோஷத்துல. அதுக்கப்புறம் நான் எப்படி இல்லைன்னு சொல்றது?

கீழ்வீட்டு பென்கா அத்தைதான் நம்பல. எங்க பிளாக்குல யாரு எப்ப தும்மினாலும் அவங்களுக்குத் தெரியும். மாடிப்படி கழுவுற முறை இந்த வாரம் உங்களுதுன்னு சொல்ல வந்தவங்க, என் தோளுக்கு மேல உள்ள எட்டிப் பாத்தாங்க.

"உங்க சித்தப்பனக் கண்ணாலயே காணோமே. செத்துக்கித்துத் தொலைஞ்சுட்டானா?"

"நைட் வாட்ச்மேன் அத்தை. தூங்குறாரு."

"வாட்ச்மேனா? போன வருஷம் அவன் சைக்கிளையே எவனோ தூக்கிட்டுப் போனான். அவனுக்கே ரெண்டு பேர் காவல் போடணும்."

சொல்லிட்டு ஒரு தட்டு பனிட்சா குடுத்துட்டுப் போனாங்க, டியூட்டிக்குப் போறவனுக்குன்னு. சூடா, சீஸ் வழிய வழிய இருந்துச்சு. வயித்துல எதுவும் இருக்கக்கூடாதுன்னு பேப்பர்ல இருக்கு. நானே சாப்பிட்டேன்.

சித்தப்பா போனுக்கு அம்மா மெசேஜ் அனுப்ப ஆரம்பிச்சாங்க. வாட்ச்மேனுக்கு ராத்திரியில பொழுது போகாதுல்ல, அதனால. பதில் போடாம இருந்தா சந்தேகம் வரும். நான் போட்டேன். சாப்பிட்டியான்னு கேட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷத்துல சித்தப்பா அத ஒரு தடவகூட கேட்டதில்ல. இடுப்பு வலி எப்படி இருக்குன்னு கேட்டேன். அந்தக் கிழவி இன்னும் தட்டத் தூக்கி எறியுதான்னு கேட்டேன். எனக்கு அம்மா அனுப்புறது எல்லாம் ஹோம்வொர்க் ஆச்சா, ஜன்னல் சாத்தினியா, அவ்ளோதான். அவருக்கு அனுப்பினது வேற. ராத்திரில சமையலறை லைட்டப் போட்டுட்டு சும்மா நிக்கிறேன்னு ஒரு நாள் எழுதினாங்க. நம்ம வீட்டுச் சாவி இன்னும் என் பைக்குள்ளதான் இருக்குன்னு ஒரு நாள். அதையெல்லாம் நான்தான் படிச்சேன். ஒவ்வொன்னுக்கும் நான்தான் பதில் போட்டேன். "நீ மாறிட்ட ருமென்"னு எழுதினாங்க. ஆமான்னு போட்டேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி ரொட்டிய நானே பிட்டேன். வீட்டுக்கு ஒரு துண்டு, அம்மாவுக்கு, சித்தப்பாவுக்கு, எனக்கு, மார்ஷலுக்கு. ரொட்டிக்குள்ள வச்ச காசு மார்ஷல் துண்டுல வந்துச்சு. வருஷம் முழுக்க அதிர்ஷ்டம் அவனுக்குத்தான். எழுப்பிச் சொல்லல.

ஜனவரியில ஒரு சின்னச் சிக்கல். பத்துல ஒரு பங்குக்கு மேல எடை குறைஞ்சா உடனே எழுப்பணும்னு பேப்பர்ல இருக்கு. மார்ஷல் பன்னெண்டு கிராம்தான் குறைஞ்சிருந்தான். சித்தப்பா எண்பத்தியொன்னுக்கு வந்துட்டாரு. கணக்குப் போட்டுப் பாத்தேன், தாண்டிடுச்சு. அன்னிக்கு ரொம்ப நேரம் நோட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எழுப்பினா ஏழு மணிக்கு அம்மாகிட்ட பேசுவாரு. அஞ்சாவது நிமிஷம் சண்ட வரும்.

ரப்பர எடுத்து ஆரம்ப எடைய அழிச்சிட்டு எண்பத்தெட்டுன்னு எழுதினேன். நவம்பர்ல அவரு கனமான ஸ்வெட்டர் போட்டிருந்தாரு, பாக்கெட்ல சாவிக் கொத்து வேற. மூணு கிலோ இருக்கும்ல? அதுக்கப்புறம் கணக்கு சரியா வந்துச்சு. பிப்ரவரியில இன்னொரு தடவ அழிக்க வேண்டி வந்துச்சு. பென்சில்ல எழுதினது நல்லதாப் போச்சு.

ஈஸ்டருக்கு வர்றேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. அவங்க கடைசியா வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள எழுப்பிடலாம்னு மார்ச் பதினாலுல இருந்து ஆரம்பிச்சேன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி. ரெண்டு நாளைக்கு ஒரு மணி நேரம் வெளிச்சம் கூட்டினேன், ரேடியேட்டரத் தொறந்தேன், வெதுவெதுன்னு குளியல், முதல்ல தண்ணி, அப்புறம் கீரை. பிளாக்குக்குப் பின்னாடி புல்லுல மஞ்சப் பூக் கீரை முளைச்சிருந்துச்சு, கழுவிக் குடுத்தேன். மார்ஷல் நாலாவது நாள் ஒரு கண்ணத் தொறந்தான். எட்டாவது நாள் கீரை தின்னான். சித்தப்பாவும் தின்னாரு. ஆனா கண்ணத் தொறக்கல, மென்னாரு, அவ்ளோதான்.

நேத்து சாயங்காலம் அம்மா அவரு போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினாங்க. பஸ் ஜன்னல், மடியில ஒரு பெட்டி. "ஈஸ்டர் வரைக்கும் பொறுக்க முடியல ருமென். ப்ளாகோவெட்ஸ் அன்னிக்குக் காலையில வந்துடுவேன், நெவிகிட்ட சொல்லாத." ப்ளாகோவெட்ஸ்னா இன்னிக்குத்தான், மார்ச் இருபத்தஞ்சு. மூணு நாள் முன்னாடி நான் எழுதின மெசேஜுக்குப் பதில் அது. நீ இல்லாம வீடு ரொம்ப அமைதியா இருக்குன்னு எழுதியிருந்தேன். அது பொய் கூட இல்ல டாக்டர்.

அதான் இப்ப இப்படி. தொட்டி வரைக்கும் அவரே நடந்து வந்தாரு, நான் கைய மட்டும்தான் புடிச்சேன். சூடா இருக்கு, வெளிச்சம் இருக்கு, உதட்டுல கீரை வச்சிருக்கேன். புழுவும் வச்சுப் பாக்கலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு, வேண்டாம்னு விட்டுட்டேன். பாத்திரத்தத் தட்டி எழுப்பலாம்னா பிளாக்கே எழுந்துடும். இன்னும் கொஞ்ச நேரத்துல பென்கா அத்தை எப்படியும் தட்டத்தான் போறாங்க. வருஷா வருஷம் ப்ளாகோவெட்ஸ் அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி வாணலியும் இரும்புக் கரண்டியுமா கீழ முற்றத்துல இறங்கிடுவாங்க, குட்டிப் பசங்க எல்லாம் பின்னாடி. பாம்பே ஓடு, ஓணானே ஓடு, ப்ளாகோவெட்ஸ் வந்தாச்சு. பூமிக்குள்ள தூங்கினதெல்லாம் வெளிய வர்ற நாளாச்சே, வீட்டுக்குள்ள வராமத் தொரத்தணுமே. மார்ஷல் அந்தச் சத்தத்துக்குப் பயந்து தாடி கறுத்துப் போயிடுவான். அவன அலமாரிக்குள்ள வச்சு ஸ்வெட்டர் போட்டு மூடுவேன்.

இருங்க. மார்ஷல் பேசின விட்டு ஏறுறான்.

*

டாக்டர், மறுபடி நான்தான். மணி ஆறாகப் போகுது. அவரு முழிச்சாரு.

பேசின்ல இருந்து மார்ஷல் தொட்டி விளிம்புக்கு வந்துட்டான். அவனா நடந்து சித்தப்பா தோள்ல ஏறினான், வழக்கமான இடத்துல, வலது பக்கம். ஏறி உக்காந்து தலைய மேலயும் கீழயும் ஆட்டினான். சித்தப்பாவோட கை தண்ணிக்குள்ள இருந்து மெதுவா வந்து அவன் வயித்துக்குக் கீழ தாங்கிப் புடிச்சுது. அப்புறம் முகத்துல ஒரு சிரிப்பு, கடற்கரைச் சிரிப்பு, பல்லு எல்லாம் தெரிய. கண்ணு இன்னும் மூடித்தான் இருந்துச்சு. ஜெர்மன்ல, "கடிக்க மாட்டான், ஒரு படம் எடுத்துக்கலாமா?"ன்னாரு.

எனக்கு அழுகை வந்துடுச்சு. எடுத்துக்கலாம் சித்தப்பான்னேன்.

கண்ணத் தொறந்தாரு. லாம்பப் பாத்தாரு, என்னப் பாத்தாரு, தன் கையப் பாத்தாரு. கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"நெவி. இது யாரு கை?"

"உங்க கைதான்."

"ரொம்ப மெலிஞ்சிருக்கே."

"குளிர்காலம் சித்தப்பா."

சரின்னு பட்டிருக்கும்போல, வேற எதுவும் கேக்கல. நான் அவரு முகத்தத் தொடச்சு விட்டு, மெதுவாத்தான் சொன்னேன். அம்மா வர்றாங்க சித்தப்பா, ஆறு மணிக்கு, பஸ் ஸ்டாண்டுல இருந்து டாக்ஸி புடிச்சு வந்துடுவாங்க, நீங்க சட்டை போட்டுக்கணும், நைட் டியூட்டி முடிச்சு வந்த மாதிரி உக்காந்திருக்கணும், அவ்ளோதான், மத்தத நான் பாத்துக்கிறேன்.

அவரு என்னப் பாத்தாரு. நல்லா, தெளிவா, முழுசா முழிச்ச ஆள் பாக்கிற மாதிரி.

"உங்கம்மா திரும்பி வரமாட்டா, நெவி."

மூணு மாசத் தூக்கத்துக்கு அப்புறம் முழுசா முழிச்சு அவரு பேசின முதல் வாக்கியம் அது.

நான் லாம்ப அணைச்சிட்டேன்.

கோவத்துல இல்ல டாக்டர். இன்னும் தயாராகாத பிராணிய அவசரப்படுத்தாதீங்க, மறுபடி தூங்கினா தூங்க விடுங்கன்னு பேப்பர்லயே இருக்கு, ரெண்டாம் பக்கம், கீழ. அவர அப்படியே தொட்டியில விட்டுடல. தொடச்சேன், உலர்ந்த சட்டை போட்டேன், படுக்க வச்சேன், ரெண்டு ரஜாயும் போத்தினேன், ஷட்டர அடி வரைக்கும் இறக்கினேன். நடக்கிறப்போ என் தோளப் புடிச்சுக்கிட்டாரு, மார்ஷல் உக்காருவானே அந்த மாதிரி. படுத்ததும் சுவர் பக்கம் திரும்பிட்டாரு. தூங்கிட்டாருன்னு நினைக்கிறேன். கதவ வெளிய சாத்தியிருக்கேன். வாட்ச்மேன் டியூட்டியில இருந்து இன்னும் வரலன்னு அம்மாகிட்ட சொல்லிக்கலாம். டபுள் டியூட்டி. சந்தோஷப்படுவாங்க.

மார்ஷலுக்கு வேற சின்ன லாம்பு இருக்கு, கவலப்படாதீங்க.

இப்ப எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் கேக்கணும். உண்மையில அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்.

அம்மா ரெண்டு வாரம்தான் இருப்பாங்க. திரும்பிப் போற டிக்கெட்டும் சேத்து எடுத்திருக்காங்க, போட்டோவுல பெட்டி மேல தெரிஞ்சுது. ரெண்டு நாள் பஸ்ல உக்காந்தே வர்றாங்க, வந்ததும் எப்பவும் பதினாறு மணி நேரம் தூங்குவாங்க. நான் பெருசா எதுவும் பண்ணப் போறதில்ல. அந்தத் தூக்கத்தக் கலைக்காம இருப்பேன், அவ்ளோதான். அவங்க ரூம் ஜன்னலுக்கு அட்டை ஒட்டியாச்சு, போன மாசமே. பதினஞ்சு வாட் பல்ப் கிடைச்சுது, சித்தப்பாவுக்குப் போட்டதவிடக் கம்மி. இப்ப வசந்தம் ஆச்சேன்னு நீங்க சொல்வீங்க. ஆனா நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க, மார்ஷலோட ஊர் ஆஸ்திரேலியா, அங்க நமக்கு நேர்மாறு, அதனால குளிர்காலம் காலண்டர்ல இல்லம்மா, லாம்புலதான் இருக்குன்னு. அதக் கேட்டப்பவே எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. சித்தப்பாகிட்ட முதல்ல செஞ்சு பாத்ததே அதுக்குத்தான். அவருக்கு ஒன்னும் ஆகலையே.

இன்னிக்குத் தொடங்கிறது நல்லதுதான். எனக்கு அஞ்சு வயசுல அம்மா காது குத்தினது ஒரு ப்ளாகோவெட்ஸ் அன்னிக்குத்தான். இன்னிக்குப் படுற காயம் வலிக்காது, சீக்கிரம் ஆறிடும்னு சொல்லிச் சொல்லிக் குத்தினாங்க. வலிச்சுது. ஆனா வலிக்கலன்னு சொன்னேன், அம்மா சிரிச்சாங்க.

கீழ வாணலிச் சத்தம் ஆரம்பிச்சிடுச்சு, கேக்குதா? பாம்பே ஓடு, ஓணானே ஓடு. மார்ஷல் என் ஸ்வெட்டருக்குள்ள இருக்கான், தாடி கறுத்துப் போச்சு, நெஞ்சு படக்குபடக்குன்னு அடிக்குது. அவனுதா என்னுதான்னு தெரியல.

எடை மெஷின வாசல்ல மிதியடிக்குக் கீழ வச்சிருக்கேன். உள்ள கால் வச்சதும் முதல்ல அதுலதான் நிப்பாங்க. ஆனா கையில பெட்டி இருக்கும். கோட்டு இருக்கும், பையி இருக்கும். சித்தப்பாவுக்குப் பண்ணின மாதிரி அழிச்சு அழிச்சு எழுத எனக்கு இஷ்டமில்ல, அம்மாவுக்குச் சரியா பண்ணணும். எதக் கழிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. ரெண்டு வருஷமா போன்ல முகம் மட்டும்தான் பாத்திருக்கேன். கடைசியாக் கட்டிப் புடிச்சப்போ நான் அவங்க தோளுக்குத்தான் இருந்தேன். நீங்க நிறைய பேரத் தூக்கிப் பாத்தவங்க, கையில தூக்கினாலே சொல்லிடுவீங்க. ஆரம்ப எடை இல்லாம எதையும் தொடங்கக்கூடாதுன்னு அடிக்கோடு போட்டீங்களே.

டாக்ஸி கதவு சத்தம் கேக்குது.

எங்க அம்மா இப்ப எவ்ளோ எடை இருப்பாங்க, டாக்டர்?